மெதுவாகப் படிக்கிறவர்கள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன மாதம் இருந்த இருமல்கூடப் போய்விட்டது. அத்தானின் முதுகு எப்படி இருக்கிறது, சின்னவள் பள்ளிக்கூடத்தில் யாரோடும் சண்டை போடாமல் இருக்கிறாளா என்று எழுது.

நீ அனுப்பிய நாவலின் முதல் பாகத்தை முடித்துவிட்டேன். வெளியே இருந்தபோது ஒரு பக்கம் படிப்பதற்குள் கொட்டாவி விட்டவன் நான். சிறைக்கு வந்த பிறகு தையற்கூடத்து மூலையில் இருக்கிற இரும்பு அலமாரியில் இருந்ததை ஒன்றுவிடாமல் படித்துவிட்டேன் என்றால் நம்புவாயா? அந்த அலமாரிதான் இங்கே நூலகம். பாதிப் புத்தகங்களுக்கு அட்டை கிடையாது. ஒரு துப்பறியும் கதையில் கடைசிப் பக்கங்களையே காணோம். கொலைகாரன் யார் என்று ஆளுக்கொரு பெயர் சொல்லி ஒரு வாரம் அடித்துக்கொண்டோம்.

உன் நாவலை நான் உரக்கப் படிக்க, என் அறையில் இருக்கும் கொத்தனார் அண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார். இங்கே வந்த பிறகு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர் அவர். ஆனால் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. முதல் பாகத்தின் முடிவில் ஸ்டேஷன் மாஸ்டரின் மூத்த மகள் யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறிவிடுகிறாள் அல்லவா? "அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கிடுவா பாரு. மாத்துத்துணிகூட எடுத்துக்கல" என்கிறார். நான் இறங்க மாட்டாள் என்கிறேன். சீக்கிரம் இரண்டாம் பாகத்தை அனுப்பு.

போன வாரம் யாரோ வந்து சுவர்களை அளந்துவிட்டுப் போனார்கள். எங்கள் எல்லோருக்கும் டேப்லெட் தரப்போகிறார்களாம்.

உன் தம்பி


ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இருமல் போனது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. அத்தானுக்கு முதுகு வலிக்கிறது. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே பட்டறையில் பாரம் தூக்குகிறார். சின்னவள் சண்டை போடாமல் இல்லை, ஜெயித்துவிட்டு வருகிறாள்.

குடிநீர் அலுவலகத்தில் எனக்கு அதே புகார்ப் பிரிவு, அதே கால் ஆடும் நாற்காலி. காலையில் போனை எடுத்தால் சாயங்காலம் வரை தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது, குழாய் வெடித்துத் தெரு குளமாகிவிட்டது. எல்லோரிடமும், "உங்க புகார் பதிவாயிடுச்சுங்க, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கோம்" என்கிறேன். உன் அத்தான் குழம்பில் உப்பு இல்லை என்றால்கூட அதுதான் வாயில் வருகிறது.

இரண்டாம் பாகத்தைத் தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன். நீ படிப்பதைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமே என்று எனக்கும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டேன். மூத்தவள் இறங்கினாளா இல்லையா என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

பார்சல் வரவில்லை. இனி வராது. இந்த மாதத்திலிருந்து அச்சுப் புத்தகம் எதையும் உள்ளே விடுவதில்லை என்று உத்தரவு. காகிதத்தில் போதை மருந்தைத் தடவி யாரோ யாருக்கோ அனுப்பினார்களாம். அலமாரியில் இருந்ததையும் சாக்குகளில் அள்ளி வண்டியில் ஏற்றினார்கள். முதல் பாகத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தேன், அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காலி அலமாரியில் இப்போது நூல்கண்டு அடுக்கியிருக்கிறது.

பதிலுக்கு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஆயிரக்கணக்கில் புத்தகம் இருக்கிறதாம். படிக்கிற நிமிஷத்துக்குக் கட்டணம். நான் இன்னும் திறக்கவில்லை. கண் கொஞ்சம் வலிக்கிறது. சரியானதும் பார்க்கலாம்.

மூத்தவள் என்ன ஆனாள் என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதிவிடேன்.

உன் தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் கடிதமும் என் பார்சலும் ஒரே நாளில் வந்தன. பார்சல்மேல் "அனுமதி இல்லை" என்று முத்திரை. பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டக்கூட ஒருவருக்கும் பொறுமை இல்லை, அட்டை மடங்கிக் கிழிந்திருக்கிறது. அலுவலகத்திலிருந்தே உங்கள் சிறைக்குப் போன் போட்டேன்.

"புத்தகத்தை ஏன் திருப்பினீங்க?"

"புது ரூல் மேடம்."

"புத்தகக் கடைலேருந்து நேரா வந்தது. அதுல யாரு மருந்து தடவ முடியும்?"

"டேப்லெட்ல அதே புக் இருக்கு மேடம். நிமிஷக் கணக்குல படிச்சுக்கலாம்."

"இத்தனை நாள் இலவசமாப் படிச்சதுக்கு இப்ப எதுக்குக் காசு?"

போனை எடுத்த பையன் சொன்னான்: "உங்க புகார் பதிவாயிடுச்சுங்க மேடம். சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கோம்."

என் தொண்டையிலிருந்தே பிடுங்கி எனக்கே கொடுத்ததுபோல் இருந்தது. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஒரு அர்த்தமும் கிடையாது. இருபது வருஷமாக அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

ஒரு வரியில் கதை சொல்ல மாட்டேன். உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். நீயே படி. சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் நலம்தானே?

பணம் வந்தது. அதைக் கொத்தனார் அண்ணனின் கணக்குக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாதாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் அக்கா, அவருக்கு இந்தச் சாதனம் பிடித்திருக்கிறது. எழுத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பெரிசாக்கிக்கொள்கிறார். ஒரு சொல் அவருடைய உள்ளங்கை அகலத்துக்கு வருகிறது. யாரிடமும் கண்ணாடி இரவல் கேட்காமல் வாழ்க்கையில் முதன்முதலாகப் படிக்கிறார். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் மெதுவாகப் படிக்கிறவர். ஒரு வரியை முடித்ததும் நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார். அதில் சொன்னது சரிதானா என்று யோசிப்பார். அந்த நேரத்துக்கும் காசு ஓடுகிறது. வேகமாகப் படிக்கிற ஒரு வாத்தியாருக்கு ஒரு புத்தகம் என்ன விலையோ, கொத்தனாருக்கு அதே புத்தகம் அதைப்போல் பல மடங்கு. இப்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டார். பக்கத்தைத் துரத்துகிறார். "என்ன படிச்சீங்க அண்ணே?" என்றால், "யாருக்குத் தெரியும், முடிச்சிட்டேன்ல" என்கிறார்.

எனக்குக் கண்வலி அப்படியேதான் இருக்கிறது.

உன் தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் சௌக்கியம். நீ சௌக்கியமா என்பது உனக்குத்தான் வெளிச்சம்.

உன் கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட நீ படிக்கவில்லை. ஏன்டா? கண்வலி என்றால் மருத்துவரிடம் காட்டு. ரோஷம் என்றால் அதை என்னிடம் விட்டுவிடு, நம் குடும்பத்துக்கு நான் ஒருத்தி படுகிற ரோஷம் போதும். கொத்தனார் அண்ணன் யோசிக்கிறதுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மூச்சு விடுகிறதுக்கு மீட்டர் இன்னும் வைக்கவில்லையா என்று கேட்டுச் சொல்.

மூன்று மனு அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில், தேதியைக்கூட மாற்றவில்லை.

சரி, புத்தகத்தைத்தானே தடுக்கிறார்கள், கடிதத்தைத் தடுக்கவில்லையே. இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தைக் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் கை கடுத்துப்போய்ச் சின்னவளிடம் கொடுத்தேன். 'ரயில்' என்பதற்கு எங்கெல்லாம் 'றயில்' என்று வருகிறதோ அதெல்லாம் உன் மருமகளின் கைவண்ணம்.

உன் அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோருக்கும் என் அன்பு. சின்னவளுக்கு விசேஷமாக.

நீ எழுதி அனுப்பியது வந்ததிலிருந்து எங்கள் வரிசையில் திருவிழாதான். தையல் முடிந்ததும் நான் வாசிக்க, பக்கத்து அறைக்காரர்கள் கம்பியில் காதை வைத்துக் கேட்கிறார்கள். அவள் இறங்கவில்லை என்று தெரிந்ததும் கொத்தனார் அண்ணன் என் பக்கமே திரும்பவில்லை. பிறகு, "போகட்டும், அவ இஷ்டம்" என்றார். உன் கையெழுத்தைப் பார்த்து, "அக்கா அவசரக்காரங்க போல, எழுத்தெல்லாம் முன்னாடி சாயுது" என்றார்.

இன்னொரு செய்தி. ஜூலையிலிருந்து கடிதமும் காகிதமாக வராது. வருகிற கடிதங்களை ஸ்கேன் செய்து டேப்லெட்டில் போட்டுவிட்டு மூலத்தைக் கிழித்துவிடுவார்கள். அதைப் படிக்கவும் அதே நிமிஷக் கட்டணம். நாங்கள் வெளியே எழுதுவது மட்டும் காகிதம்.

அதனால் ஜூலைக்குப் பிறகு நீ எழுத வேண்டாம் அக்கா. நான் எழுதுகிறேன், அது போதும். உனக்கும் வேலை இருக்கிறது. எனக்கும் கண்வலி.

உன் தம்பி


மே 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சமையலறையில் கத்திக்கொண்டிருந்தேன். எழுதாதே என்கிறானே, இவனுக்கு என்ன திமிர் என்று. உன் அத்தான் கை கழுவிக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்: "அவன் எப்படிம்மா அதைக் கையில எடுப்பான்?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீதிமன்றத்தில் ஒரு நாள் விடாமல் இருந்தவள் நான். நீ வேனை ஓட்டிக்கொண்டு போனபோது கையில் என்ன இருந்தது, அந்தச் சைக்கிள்காரர் குறுக்கே வந்த நேரத்தில் அதில் என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று வக்கீல் ஒவ்வொன்றாகப் படித்தபோது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அப்படிப்பட்ட நான் அதையெல்லாம் மறந்துவிட்டு, கண் மருத்துவரிடம் போ என்று எழுதினேன். அன்றைய போனைப்போலவே வெளிச்சம் வரும் சின்னக் கண்ணாடியை உன் கையில் திணித்து, இனிமேல் படிப்பதென்றால் இதில்தான் படி என்கிறார்கள். நானும் அதற்குப் பணம் கட்டினேன்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். ஒன்று மட்டும் சொல். உன் நிலைமையைக் காரணமாகக் காட்டி, உனக்கு மட்டுமாவது காகிதத்தில் கொடுங்கள் என்று கேட்டால் கொடுக்க வாய்ப்பு இருக்கிறது. எந்த அதிகாரிக்கும் அது உறைக்கும். ஆனால் அதை மனுவில் எழுத வேண்டும். எழுதட்டுமா?

உன் அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

எழுத வேண்டாம்.

அந்தத் தாள் எங்கெங்கே போகும் என்று தெரியாது. சைக்கிளில் வந்தவரின் வீட்டுக்காரர்கள் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்கள்? நம் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், அதையே காரணம் சொல்லி இவன் சௌகரியம் கேட்கிறான் என்றுதானே. அவருடைய மனைவி கோர்ட்டில் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கென்று எதையும் கேட்கிற இடத்தில் நான் இல்லை அக்கா. நீ எனக்காகக் கோபப்படுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் தம்பி


ஜூலை 18

அன்புள்ள தம்பிக்கு,

இது உன்னிடம் திரையில்தான் வரும். நீ படிப்பாயோ மாட்டாயோ, எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

உன் விருப்பப்படி உன்னைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் கூடத்துக்கு நான் வந்ததும், உன்னைப் பார்த்த அந்தக் கால்மணி நேரத்தில் மனு என்ற பேச்சையே எடுக்காததும் உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது.

தரையோடு போல்ட் போட்ட நாற்காலிகளில் டோக்கன் வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கட்டுத் தாளையும் பேனாக்களையும் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு வந்தால் அது ஒரே புகார். ஒரே பதிலில் மூடிவிடுவோம். நூறு பேர் நூறு தாளில் ஆளுக்கொரு குறையை எழுதினால் நூறு பதிவு, நூறு பதில். நாங்கள் பயப்படுவது அதற்குத்தான். எனவே அவரவர் குறையை அவரவர் எழுதினார்கள். ஒரு பஸ் கண்டக்டர், மகன் பரீட்சைக்குப் படிக்கிறான், பாடப்புத்தகத்துக்கும் நிமிஷக் கட்டணமா என்று எழுதினார். கைக்குழந்தை வைத்திருந்த பெண், குழந்தையின் பாதத்தை மையில் தோய்த்து அனுப்பிய தாளைக் கிழித்துவிட்டார்களே என்று எழுதினாள்.

கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னம்மா, பள்ளிக்கூடம் மாதிரி எல்லாரையும் உக்கார வெச்சு எழுத வைக்கிறீங்க?"

"எழுதத்தாங்க வெக்கிறேன். வேற ஒண்ணும் பண்ணலை."

"காகிதத்துல மருந்து தடவி அனுப்பறாங்க. போன வருஷம் ரெண்டு உயிர் போச்சு. எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாது."

"தெரியலைதான். சோதனை பண்ணுங்க, ஸ்கேன் பண்ணுங்க. ஆனா நிமிஷத்துக்குக் காசு வாங்கினா மருந்து நின்னுடுமா? அதை மட்டும் எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

அவர் தாள்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்காமல் நான் எழுந்திருக்கவில்லை.

இன்னொன்று. பார்வையாளர் கூடத்தில் ஓரமாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். உங்கள் கொத்தனாரின் மனைவி. எழுதத் தெரியாது, நீங்களே எழுதுங்கள் என்றார். அவர் வீட்டுக்காரர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார் என்று நான் சொன்னதும் என்னை நம்பவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து கைநாட்டுங்க அவரு. படிக்கத் தெரியாத மனுஷனுக்கு எதுக்குக் கடுதாசின்னு நான் ஒண்ணுகூடப் போடலையே" என்றார். பிறகு ரொம்ப நேரம் முந்தானையை நீவிக்கொண்டே இருந்தார். "அப்ப இனிமே யார்கிட்டயாவது சொல்லி எழுதறேன்" என்றார். அவரிடம் இதைச் சொல்.

உன் அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் வந்திருக்கிறது என்று டேப்லெட் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. ஒரு மாதம் அப்படியே கிடந்தது. போன வாரம் கொத்தனார் அண்ணன், "நீ பாக்க வேணாம். நான் படிக்கிறேன், நீ கேளு. இத்தனை நாள் நீதான எனக்குப் படிச்சே" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். உன் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார். 'கண்காணிப்பாளர்' என்ற சொல்லுக்கே எத்தனை தடவை மூச்சு வாங்கினார். உன் பேச்சு வந்த இடத்தில் சிரித்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். "பார்வையாளர் கூடத்தில் ஓரமாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்" என்பது வரை வந்தார். திரை கறுத்துவிட்டது. பணம் தீர்ந்துபோயிற்று. நான் தொடாமலே வைத்திருந்த பணத்தில் பராமரிப்பு என்று மாதாமாதம் கழித்திருக்கிறார்கள். மிச்சத்துக்கு அவ்வளவு நேரம்தான்.

அவர் கொஞ்ச நேரம் அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "வேற யாராவது படிச்சிருந்தா முழுசும் வந்திருக்கும். என்னாலதான் பாதியில நின்னுபோச்சு. மன்னிச்சுக்க தம்பி" என்றார்.

மன்னிப்புக் கேட்டார் அக்கா. படித்ததற்கு. எத்தனையோ பேர் வீட்டுக்குச் சுவர் எழுப்பின மனிதர், இந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு, எனக்காக ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, மெதுவாகப் படித்தேன் என்று என்னிடம் தலைகுனிந்து நின்றார்.

அந்தச் சனியனை அவர் கையிலிருந்து நான்தான் வாங்கி வைத்தேன். இங்கே வந்த நாளிலிருந்து எனக்குக் கோபமே வந்ததில்லை. வரக்கூடாது, எனக்கு அந்த யோக்கியதை கிடையாது என்று வைத்திருந்தேன். எனக்கு நடந்திருந்தால் இப்போதும் வந்திருக்காது. அவருக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மெதுவாகப் படிக்கிறவர்களிடம் நிமிஷக் கணக்கில் காசு வாங்கக்கூடாது என்று மனு எழுதியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. பிழை இருந்தால் திருத்தாதே, அழகுபடுத்தாதே. அப்படியே கொண்டுபோய்க் கொடு.

உன் தம்பி


அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதம் காகிதமாகவே உன் கைக்கு வருகிறது. எங்கள் மனுக்களுக்குப் பதில் வந்துவிட்டது, ஆளுக்கொரு உறை. கடிதங்களைச் சோதனை செய்துவிட்டு மூலத்தையே கொடுப்பார்களாம். பாடப்புத்தகத்துக்குக் கட்டணம் கிடையாதாம். மற்றப் புத்தகங்களுக்கு நிமிஷக் கணக்கு தொடரும், அச்சுப் புத்தகம் "பரிசீலனையில்" இருக்கிறது. பரிசீலனை என்றால் என்ன என்பதும் எனக்குத் தெரியும். சும்மா விடுவதாக இல்லை.

நீங்கள் கேட்காமல் போன மீதி கொத்தனார் அண்ணனுக்கு உரியது. அதைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நீ வாசித்துக் காட்டாதே. அவரே படிக்கட்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் நிமிர்ந்து கூரையைப் பார்க்கட்டும்.

உன் மனுவை நானே கொண்டுபோனேன். பதிவேட்டில் எழுதுகிற பையன் உன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கைதி எண் என்று எழுத ஆரம்பித்தான். கையை நீட்டித் தடுத்தேன்.

"அங்க புகார்தாரர்னு எழுதுங்க தம்பி."

"கைதிங்கதானே மேடம், நம்பர் போட்டாப் போதும்."

"புகார் குடுத்தவங்க யாரா இருந்தாலும் புகார்தாரர்தான். எங்க ஆபீஸ்ல மந்திரி வீட்டுல தண்ணி வரலைன்னாலும் அதுதான், குடிசைல வரலைன்னாலும் அதுதான். எழுதுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தான். அடித்துவிட்டு எழுதினான். அதற்குப் பக்கத்தில் உன் பெயரை முழுசாகச் சொன்னேன், எழுத்து எழுத்தாக. அவசரப்படாமல் எழுதினான். ஒப்புகையைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எல்லோரும் நலம். அத்தான் முதுகுக்கு எண்ணெய் தேய்க்க விடமாட்டேன் என்கிறார். சின்னவள் உன் மனுவைப் பார்த்துவிட்டு, மாமாவுக்கு என்னைவிட எழுத்துப்பிழை அதிகம் என்கிறாள். நான் திருத்தவில்லை.

உன் அக்கா